பாட்டிற்குள் யார்? பாடலின் பின்னுள்ள மெய்ம்மாந்தரைத் தேடும் மரபு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பழைய தமிழ்த் திரைப்பாடல் ஒன்றைப் பற்றி இருவர் பேசத் தொடங்கினால், அப்பேச்சு சிறிது நேரத்திற்குள் 'இது யாரை நினைத்து எழுதப்பட்டது தெரியுமா?' என்னும் வினாவை எட்டிவிடுகிறது. கவியரசு கண்ணதாசனின் (1927–1981) பாடல்களைப் பொறுத்தவரை இவ்வினா ஏறத்தாழத் தவிர்க்க இயலாததாகவே ஆகிவிட்டது. இன்ன பாடலில் வரும் அண்ணன் அறிஞர் அண்ணா, இன்ன பாடலில் தூது பெறுபவர் பெருந்தலைவர் காமராசர், இன்ன பாடலில் ஏமாற்றியவர் கவிஞரின் உறவினர் என்றெல்லாம் கதைகள் வழங்குகின்றன. பட்டிமன்ற மேடைகளிலும் வானொலி நிகழ்ச்சிகளிலும் இக்கதைகள் தொடர்ந்து சொல்லப்படுகின்றன. பாடத்திற்குச் சுவை கூட்டும் பொருட்டு நம் தமிழாசிரியர்கள் பலரும் இவற்றை வகுப்பறைக்குள் கொண்டுவருகின்றனர்.

இக்கதைகளை இரசிகர்களின் வெற்றுக் கற்பனை என்று ஒதுக்கிவிடுவது எளிது. கேட்டவாறே வரலாறாக ஏற்றுக்கொள்வது அதனினும் எளிது. இவ்விரண்டும் ஆய்வு நெறிக்கு ஏற்புடையன அல்ல. பாடலுக்குள் மெய்ம்மாந்தரைத் தேடும் வழக்கம் தமிழில் எத்துணைப் பழமையானது, 1960ஆம் ஆண்டுகளின் திரைப்பாடல்களைச் சுற்றி அது ஏன் இவ்வளவு செழித்தது, அத்தகைய கதை ஒன்றை எவ்வாறு மதிப்பிடுவது ஆகிய மூன்று வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது. பாடல் அடிகளை எடுத்தாளாமல், அவற்றின் சூழலையும் காலத்தையும் மட்டுமே இங்கு ஆராய்கிறோம்.

பெயர் சுட்டா மரபு

இவ்வினாவின் வேர் திரைப்படக் காலத்தில் இல்லை. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது தலைவன், தலைவி எவரையும் இயற்பெயரால் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியப் பொருளதிகாரம் வகுத்த நெறி. அகப்பாடலில் ஊர் இருக்கலாம். ஆறும் மலையும் பூவும் புள்ளும் இருக்கலாம். உவமையாகவோ அடையாகவோ மன்னர் பெயர்களும் வரலாம். பரணர் பாடல்கள் இதற்குச் சிறந்த சான்று. ஆயினும் காதலிப்பவர் இன்னார் என்று மட்டும் சொல்லுதல் ஆகாது. பெயர் சுட்டிய அக்கணமே அப்பாடல் அகத்தினின்றும் நீங்கிப் புறமாகிவிடும்.

இவ்விதி எழுந்ததே இதற்கு எதிரான ஆவல் மக்களிடம் இருந்தது என்பதைக் காட்டுகிறது எனலாம். எவரும் செய்ய எண்ணாத ஒன்றை இலக்கணம் விலக்க வேண்டிய தேவை இல்லை. காதற்பாட்டைக் கேட்டவர் 'இவள் யார், இவன் யார்' என்று வினவியிருப்பர். அதற்கு விடை தர மறுப்பதன்மூலம் பாட்டைக் கேட்போர் அனைவருக்கும் உரிய பொதுப்பொருளாக மரபு காத்தது.

இம்மறுப்பு எவ்வளவு நுண்மையாகக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை நல்ல எடுத்துக்காட்டாகும். 188 அடிகளில் நக்கீரர் பாடிய இப்பாட்டு, கணவனைப் பிரிந்து வாடும் அரசியையும் பாசறையில் துயிலாது புண்பட்ட வீரரைக் கண்டுவரும் அரசனையும் காட்டுகிறது. இருவருக்கும் பெயர் இல்லை. அவ்வகையில் இது அகமாக வேண்டும். ஆனால் பாசறைக் காட்சியில் வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருப்பதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப்பூ. அந்த ஓர் அடையாளமே இன்னானைச் சுட்டப் போதுமானது என்று கொண்டு, இப்பாட்டு அகமாகாது என உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முடிவு செய்தார். பாட்டுடைத் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்று கொள்வதே மரபு. பூ ஒன்றைக்கொண்டு பாட்டிற்குள் இருப்பவரை அடையாளங்கண்ட இந்த வாசிப்பு, இன்றைய இரசிகர் தம் தேடலில் பின்பற்றும் முறையிலிருந்து அடிப்படையில் வேறுபட்டதன்று. நச்சினார்க்கினியர் தம் சான்றை வெளிப்படையாக முன்வைத்தார் என்பதே குறிப்பிடத்தக்க வேறுபாடாகும்.

அடிக்குறிப்பும் கதையும்

அகமரபு பெயரை மறைத்தது. தொகுத்தோரும் பிற்காலத்தாரும் அப்பெயரை மீட்க முயன்றனர். புறநானூற்றில் 83 முதல் 85 வரையுள்ள பாடல்கள் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. ஒரு வீரன்மீது பெண்ணொருத்தி கொண்ட ஒருதலைக் காதலை அவை பேசுகின்றன. அவ்வீரன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற செய்தியை நமக்குத் தருபவை பாடல்களோடு வழங்கும் அடிக்குறிப்புகளே. அக்குறிப்புகளை நீக்கிவிட்டுப் படித்தால், பெயரற்ற ஒருத்தியின் பெயரற்ற காதல் மட்டுமே எஞ்சும். இம்மூன்று பாடல்களும் புறத்தொகையில் இடம்பெற்றிருப்பதற்கு அந்த அடையாளமே அடிப்படை எனக் கருதலாம்.

வெள்ளிவீதியாரைப் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. பிரிந்த தலைவனைத் தேடிச் செல்லும் துயரம் அவர் பெயரால் வழங்கும் பாடல்களில் அழுத்தமாக ஒலிக்கிறது. காணாமற்போன கணவனைத் தேடி அலைந்த ஆதிமந்தியை அகநானூறு 45ஆம் பாடலில் அவர் நினைவுகூர்கிறார். அதே தொகையின் 147ஆம் பாடலிலோ ஔவையாரின் தலைவி, வெள்ளிவீதியைப் போலத் தானும் புறப்பட்டுச் செல்ல எண்ணுவதாகக் கூறுகிறாள். ஒரு கவிஞரின் பாடலில் இன்னொரு கவிஞர் துயருற்ற காதலியாக இடம்பெறுகிறார். ஔவையார் வெள்ளிவீதியாரின் வாழ்க்கையை அறிந்திருந்தாரா, அன்றி அவர் பாடல்களைக் கேட்டு அவற்றையே வாழ்க்கையாகக் கொண்டாரா? இருவகையிலும் பொருள் கொள்ள இடமுண்டு. எவ்வாறாயினும் பாடலின் குரலையும் பாடியவரின் வாழ்வையும் ஒன்றாகக் காணும் போக்கு சங்கத் தொகைக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது என்பது தெளிவு.

பிற்காலத்தில் இப்போக்கு தனிக் கதை இலக்கியமாகவே வளர்ந்தது. தனிப்பாடல்கள் பெரும்பாலும் 'இன்னார் இன்ன சமயத்தில் பாடியது' என்னும் தலைப்போடு வழங்கின. அட்டாவதானம் வீராசாமி செட்டியார் 1876ஆம் ஆண்டு வெளியிட்ட விநோதரசமஞ்சரி, கம்பர், ஒட்டக்கூத்தர் முதலியோரைப் பற்றிய கதைகளை உரைநடையில் தந்து பரந்த வாசகர் கூட்டத்தைச் சென்றடைந்தது. கம்பரின் மகன் அம்பிகாபதி சோழ இளவரசி அமராவதியைக் காதலித்த கதையும் இம்மரபைச் சார்ந்ததே. கல்வெட்டுச் சான்று எதனாலும் உறுதிப்படாத இக்கதை, அம்பிகாபதி பெயரால் வழங்கும் காதற்செய்யுள்களுக்கு விளக்கமாக அமைந்தது. 1937ஆம் ஆண்டிலும் 1957ஆம் ஆண்டிலும் அது திரைப்படமாகவும் வந்தது. ஆகவே திரைப்பாடல்களைக் கேட்ட தலைமுறை, செய்யுளுக்குப் பின்னால் ஒரு சம்பவம் உண்டு என்னும் நம்பிக்கையைத் திரையரங்கிற்கு வரும்போதே உடன்கொண்டு வந்தது.

ஐரோப்பிய ஒப்புமை

இது தமிழருக்கு மட்டும் உரிய இயல்பன்று. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தென்பகுதியில் வாழ்ந்த துரூபதூர் எனப்படும் பாடலாசிரியர்கள், தம் காதற்பாடல்களில் பெண்ணின் இயற்பெயரை மறைத்துப் புனைபெயரால் சுட்டினர். அடுத்த நூற்றாண்டில் அப்பாடல்களைத் தொகுத்தோர், 'விதா' எனப்பட்ட வாழ்க்கைக் குறிப்புகளையும் 'ராசோ' எனப்பட்ட பாடற் பின்னணிக் கதைகளையும் உரைநடையில் எழுதிச் சேர்த்தனர். நம் தொகைநூல்களின் அடிக்குறிப்புகளுக்கும் தனிப்பாடல் தலைப்புகளுக்கும் இவை பெரிதும் ஒத்தவை.

ஜோஃப்ரே ருதெல் என்னும் கவிஞரைப் பற்றிய குறிப்பு இவற்றுள் புகழ்பெற்றது. காணாத தொலைவிலுள்ள ஒருத்தியின்மீது கொண்ட காதலை அவர் பாடினார். திரிப்போலியின் கோமகளைப் பற்றிப் பயணிகள் வாயிலாகக் கேள்வியுற்றே அவர் காதல் கொண்டார் என்றும், கடல்கடந்து சென்று நோயுற்று அவள் கைகளில் உயிர்நீத்தார் என்றும் பிற்கால விதா கூறுகிறது. இக்கதை பெரும்பாலும் பாடல்களிலிருந்தே புனையப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பாடலில் தொலைவு உண்டு. ஆகவே கதையில் கடற்பயணம் வந்தது. பாடலில் ஏக்கம் உண்டு. ஆகவே கதையில் மரணம் வந்தது. இவ்வாறு பாடலிலிருந்து பிறந்த கதையே பின்னர் அப்பாடலுக்குச் சான்றாகவும் காட்டப்பட்டது. இந்த வட்டத் தருக்கத்தை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். தமிழ்த் திரைப்பாடல் கதைகளிலும் இதே வட்டம் அடிக்கடி தென்படுகிறது.

திரைப்பாடலும் வானொலியும்

திரைப்பாடலின் ஆக்கமுறை இத்தேடலுக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை. இயக்குநர் சூழலை விளக்குகிறார். பெரும்பாலும் இசையமைப்பாளர் மெட்டைத் தருகிறார். கவிஞர் அம்மெட்டிற்கும் சூழலுக்கும் ஏற்பச் சொற்களை அமைக்கிறார். பாடலில் 'நான்' என்பது திரைக்கதையின் பாத்திரம், குரல் பின்னணிப் பாடகருடையது, முகம் நடிகருடையது. கவிஞரின் சொந்த வாழ்வு நுழைய இடமே இல்லாத ஏற்பாடாக இது காணப்படுகிறது.

எனினும் மக்கள் பாடலைச் சந்தித்த இடம் வேறு. 1952 முதல் இந்தியத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த கேஸ்கர் காலத்தில் அனைத்திந்திய வானொலி திரையிசைக்கு இடத்தைக் குறைத்தது. அதனால் இலங்கை வானொலியின் பக்கம் நேயர்கள் பெருவாரியாகத் திரும்பினர். 1957ஆம் ஆண்டு விவித பாரதி தொடங்கப்பட்டது. வானொலியிலும் இசைத்தட்டிலும் பாடல் திரைக்கதையிலிருந்து துண்டிக்கப்பட்டே ஒலித்தது. படத்தை ஒருமுறை கண்டவர் பாடலை நூறுமுறை கேட்டார். படத்தைக் காணாதவரும் கேட்டார். பாத்திரம் மறைந்து 'நான்' மட்டும் எஞ்சியபோது, அவ்வெற்றிடத்தை நிரப்ப ஒரு மனிதர் தேவைப்பட்டார். திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகம் கவிஞரின் பெயரை வீடுவரை கொண்டுசேர்த்தது. கடல்கடந்து வாழ்ந்த நம் நாட்டுத் தமிழர்க்குத் தமிழக அரசியல் நாளிதழ்ச் செய்தியாகவும், திரைப்பாடல் வானொலி ஒலியாகவும் தனித்தனியே வந்து சேர்ந்தன. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் வேலையை நேயரே செய்தார்.

கண்ணதாசனின் வாழ்க்கையும் இதற்குத் துணை நின்றது. திராவிட முன்னேற்றக் கழகத்தின் முன்னணியினருள் ஒருவராக விளங்கிய அவர், 1961ஆம் ஆண்டு ஈ.வெ.கி. சம்பத்துடன் அக்கட்சியை விட்டு வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியில் பங்குகொண்டார். அக்கட்சி 1964ஆம் ஆண்டு காங்கிரசுடன் இணைந்தது. தம் அரசியல், தனி வாழ்வுத் தடுமாற்றங்களை 'வனவாசம்', 'மனவாசம்' ஆகிய நூல்களில் அவரே ஒளிவின்றி எழுதினார். 1963ஆம் ஆண்டு வெளிவந்த 'இரத்தத் திலகம்' படத்தில் தாமே திரையில் தோன்றித் தம்மைப் பற்றியதாகவே அமைந்த பாடல் ஒன்றிற்கு வாயசைத்தார். தம் வாழ்வைப் பாடலோடு சேர்த்துப் படிக்குமாறு கவிஞரே விடுத்த அழைப்பாக நேயர்கள் இதனைக் கொண்டதில் வியப்பில்லை.

மூன்று கதைகள்: ஒரு மதிப்பீடு

இத்தகைய கதை ஒன்றை மதிப்பிட நான்கு சோதனைகளை முன்வைக்கலாம். முதலாவது, பாடலை எழுதியவர் யார் என்பதை உறுதிசெய்தல். வாலி முதலியோர் எழுதிய பாடல்கள் கண்ணதாசன் பெயரில் வழங்குவது அரிதன்று. இரண்டாவது, காலம்: சொல்லப்படும் நிகழ்ச்சி பாடலுக்கு முற்பட்டதா? மூன்றாவது, சூழல்: திரைக்கதையே பாடலை முழுமையாக விளக்கிவிடுகிறதா? நான்காவது, சான்று: பாடலைச் சாராத தனிச் சான்று ஏதேனும் உண்டா? பரவலாக வழங்கும் மூன்று கதைகளை இவற்றைக் கொண்டு நோக்குவோம்.

முதற்கதை 1962ஆம் ஆண்டு வெளிவந்த 'படித்தால் மட்டும் போதுமா' படத்தின் பாடல் பற்றியது. அண்ணன் காட்டிய வழியால் நேர்ந்த துன்பத்தைத் தம்பி புலம்பும் பாடல் அது. அறிஞர் அண்ணாவிடமிருந்து பிரிந்த கவிஞரின் மனக்குறையே அதில் வெளிப்பட்டது என்பர். காலம் பொருந்துகிறது, கட்சியை விட்டு வெளியேறியதற்கு அடுத்த ஆண்டே படம் வெளிவந்தது. ஆனால் சூழலும் முற்றாகப் பொருந்துகிறது. மணப்பெண் தேர்வில் அண்ணன் செய்த வஞ்சகத்தால் தம்பியின் வாழ்வு திசைமாறுவதே படத்தின் கதை. அப்பாடல் அவ்விடத்தில் வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு. எனவே அரசியல் பொருளைக் கவிஞர் கருதினார் என்று இப்பாடலைக் கொண்டு மட்டும் நிறுவ இயலாது.

ஆயினும் நேயர்கள் அப்பொருளைக் கேட்டதற்குத் தக்க காரணம் இருந்தது. அண்ணாதுரை 'அண்ணா' என்றே அழைக்கப்பட்டார். 1955 முதல் 'திராவிட நாடு' இதழில் அவர் தொண்டர்களுக்கு எழுதிய மடல்கள் 'தம்பிக்கு' என்றே தொடங்கின. அண்ணன், தம்பி என்னும் உறவுச் சொற்கள் அன்றைய தமிழகத்தில் ஓர் இயக்கத்தின் அரசியற் சொற்களாகவும் வழங்கின. அவற்றை வீட்டு உறவாக மட்டுமே கேட்பது 1962ஆம் ஆண்டின் நேயருக்கு அரிதாகவே இருந்திருக்கும். கவிஞரின் உள்ளம் எதுவாயினும், மொழியின் அன்றைய நிலை அவ்விரண்டாம் பொருளைத் தானே கொண்டிருந்தது.

இரண்டாம் கதை 1967ஆம் ஆண்டு வெளிவந்த 'பட்டணத்தில் பூதம்' படத்தின் பாடல் பற்றியது. சிவகாமியின் மகனுக்குச் செய்தி சொல்லுமாறு ஒரு பெண் தன் தோழியை வேண்டும் தூதுப்பாடல் அது. சிவகாமி மகன் என்பது முருகனைச் சுட்டும். காமராசரின் அன்னையார் பெயரும் சிவகாமி என்பதால், காங்கிரசில் சேர விரும்பிய கவிஞர் காமராசருக்கு விடுத்த தூதே இப்பாடல் என்று ஒரு கதை வழங்குகிறது. இங்குக் காலச் சோதனை இடறுகிறது. தமிழ்த் தேசியக் கட்சி காங்கிரசுடன் இணைந்தது 1964ஆம் ஆண்டில். படமோ மூன்றாண்டுகளுக்குப் பின்னர் வெளிவந்தது. சேர்ந்துவிட்ட கட்சியில் சேர்வதற்குத் தூது தேவையில்லை. பாடல் மிக முன்னரே எழுதப்பட்டது என்று காட்டினாலன்றி இவ்வடிவம் நிலைபெறாது. இடையில் நேர்ந்த மனக்கசப்பைப் போக்கவே தூது என்னும் மற்றொரு வடிவமும் உண்டு. அது காலத்தோடு முரண்படவில்லை. ஆயினும் பாடலுக்குப் புறத்தேயுள்ள சான்று ஒன்றை அது வேண்டி நிற்கிறது.

எனினும் இக்கதையை முதற்கதையோடு ஒருநிலையில் வைத்தல் தகாது. அங்கு அண்ணன் என்பது எவருக்கும் பொருந்தும் பொதுச்சொல். இங்கோ பெயர் ஒன்று சுட்டப்பட்டிருக்கிறது. காதலனைக் கடவுளின் பெயரால் சுட்ட எத்தனையோ வழிகள் இருக்க, அன்னையின் பெயரால் சுட்டும் வழியைக் கவிஞர் தேர்ந்தது இருபொருள் கருதியதாக இருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. நெடுநல்வாடையின் வேம்பைப் போன்ற ஓர் அடையாளம் இது. சிலேடை இருப்பதாகக் கொள்ளலாம். ஆனால் அதனைச் சூழ்ந்துள்ள நிகழ்ச்சிக் கதை வரை அச்சிலேடை நம்மை அழைத்துச் செல்லாது.

மூன்றாம் கதை 1965ஆம் ஆண்டு வெளிவந்த 'பழனி' படத்தின் பாடல் பற்றியது. உடன்பிறப்பும் உறவும் பணத்தின் முன் பொருளற்றுப் போவதை அது பாடுகிறது. பண உதவி கேட்டபோது கவிஞரின் உடன்பிறந்தார் ஒருவர் மறுத்துவிட்டார் என்றும், அந்த மனவேதனையில் பிறந்ததே இப்பாடல் என்றும் கூறுவர். சகோதரர்களின் ஒற்றுமை குலைவதைப் பேசும் படத்திற்கு இப்பாடல் இயல்பாகவே பொருந்துகிறது. இக்கதையில் வேறொரு சிக்கலும் உண்டு. முன்னிரண்டு கதைகளும் பொதுவாழ்வில் இருந்தோரின் பொதுச் செயல்களைப் பற்றியவை. இதுவோ ஒரு குடும்பத்திற்குள் நடந்ததாகக் கூறப்படுவது. மறுமொழி சொல்ல வாய்ப்பற்ற ஒருவரைக் கருமியாகச் சித்திரித்து, அதனை ஒரு புகழ்பெற்ற பாடலோடு நிலையாகப் பிணைத்துவிடுகிறது. பாடல் வாழும் காலம்வரை அப்பழியும் வாழும். சான்றில்லாதபோது இதனைத் திரும்பச் சொல்லாமை நம் கடமை என்றே கருதுகிறோம்.

தணிக்கையாளரும் நேயரே

பாடலுக்குள் மெய்ம்மாந்தரைத் தேடியவர்கள் இரசிகர்கள் மட்டும் அல்லர், அரசும் தேடியது. 1966ஆம் ஆண்டு வெளிவந்த 'அன்பே வா' படத்திற்கு வாலி எழுதிய பாடல் ஒன்றில் சூரியனுக்கு 'உதய' என்னும் அடைமொழி அமைந்திருந்தது. உதயசூரியன் தி.மு.க.வின் தேர்தல் சின்னம். தணிக்கையின் மறுப்பால் அச்சொல் 'புதிய' என்று மாற்றப்பட்டது. அதே ஆண்டின் 'பெற்றால்தான் பிள்ளையா' படத்தில், மேடைப்பேச்சிற்கு எடுத்துக்காட்டாக அறிஞர் அண்ணாவைக் குறித்த இடத்தில் திரு.வி.க.வின் பெயர் புகுத்தப்பட்டதும் பலரும் அறிந்தது. இரு படங்களுக்கும் கதைத்தலைவர் எம்.ஜி.ஆர்.; அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல்.

இம்மாற்றங்கள் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கின்றன. ஓர் அடைமொழிக்குள் ஒரு கட்சியைக் கண்ட தணிக்கையாளர், வேம்பிற்குள் பாண்டியனைக் கண்ட உரையாசிரியரின் வழியிலேயே சென்றார். மேலும், வெளிப்படையாகச் சொல்லத் தடை இருந்த இடத்தில் மறைபொருளைத் தேடும் காது கூர்மையடைவது இயல்பு. நேரடியாகச் சொல்ல இயலாததைக் கவிஞர் வேறுவகையாகச் சொல்லியிருப்பார் என்று நேயர் எதிர்பார்த்தார். 1960ஆம் ஆண்டுகளில் இத்தகைய கதைகள் பெருகியதற்குத் தணிக்கையும் ஒரு காரணம் என்பது எமது கருத்து.

கதைகளின் வரலாற்று மதிப்பு

அவ்வாறாயின் இக்கதைகளால் பயன் யாது? கவிஞரின் உள்ளத்திற்குச் சான்றாக இவை பெரும்பாலும் பயன்படா. ஆனால் கேட்டோரின் உள்ளத்திற்கு இவை நல்ல சான்றுகள். 1961ஆம் ஆண்டுப் பிளவைப் பற்றித் தலைவர்கள் எழுதிய நூல்கள் உள்ளன. கட்சி ஏடுகள் உள்ளன. அப்பிளவை எளிய தொண்டர் எவ்வாறு உணர்ந்தார் என்பதற்கு எழுத்துச் சான்று குறைவு. ஒரு தம்பியின் புலம்பலைக் கேட்டவுடன் கட்சிப் பிரிவு அவர் நினைவிற்கு வந்தது என்பதே, அப்பிரிவை அவர் கொள்கை முரண்பாடாக மட்டுமன்றிக் குடும்பம் பிரிந்த துயராகவும் உணர்ந்தார் என்பதைக் காட்டுகிறது. காமராசருக்குத் தூது விடும் கதையில், அன்னையின் பெயரைச் சொன்னாலே நெகிழ்வார் என்று மக்கள் ஒரு தலைவரைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பீடு பதிவாகியிருக்கிறது. கதையில் வரும் நிகழ்ச்சி பொய்யாக இருக்கலாம். அக்கதை வழங்கியது மெய். வரலாற்று மாணவர் ஆராய வேண்டியது இவ்விரண்டாம் மெய்யையே.

இவ்வகையில் தமிழாசிரியர்களுக்கு ஒரு பரிந்துரையை முன்வைக்க விரும்புகிறோம். இக்கதைகளை வகுப்பறையிலிருந்து நீக்க வேண்டியதில்லை. மாணவரின் ஆர்வத்தைத் தூண்டும் ஆற்றல் அவற்றிற்கு உண்டு. ஆயின் கதையைக் கூறியதோடு நில்லாமல், மேற்கூறிய நான்கு சோதனைகளையும் மாணவரைக் கொண்டே செய்விக்கலாம். படம் வெளிவந்த ஆண்டு எது, நிகழ்ச்சி நடந்த ஆண்டு எது, பாட்டுப் புத்தகத்தின் கதைச்சுருக்கம் என்ன கூறுகிறது, இதனைச் சொன்னவர் யார், அவர் எங்கிருந்து அறிந்தார் ஆகிய வினாக்களை ஓர் இடைநிலைப்பள்ளி மாணவரும் எழுப்ப இயலும். சான்றை எடைபோடும் பயிற்சிக்குத் தாம் விரும்பிக் கேட்கும் பாடலைவிட ஏற்ற பாடநூல் அவர்களுக்குக் கிடைப்பது அரிது.

நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய கதைகளை நினைவில் வைத்திருக்கும் மூத்த நேயர்கள் இன்னும் உள்ளனர். தோட்டப்புறத் திரையிடல்களிலும் வானொலிப் பெட்டியின் முன்னும் பாடல்களைக் கேட்ட தலைமுறை அது. எக்கதையை யாரிடமிருந்து, எந்தச் சூழலில் கேட்டனர் என்பதை வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்யும் பணி நம் மாணவர்களுக்கு ஏற்ற களப்பணியாகும். கதையின் ஒரு வடிவம் தமிழகத்திலும் மற்றொரு வடிவம் இங்கும் வழங்குமாயின், அவ்வேறுபாடே ஆய்வுக்குரிய செய்தியாகிவிடும். இப்பணியை நீண்ட காலம் தள்ளிப்போட இயலாது.

முடிவுரை

பாடலுக்குள் மெய்ம்மாந்தரைத் தேடும் வழக்கம் அகமரபின் பெயர் சுட்டாமை விதியோடு உடன்பிறந்தது. தொகைநூல்களின் அடிக்குறிப்புகள், உரையாசிரியர் கருத்துகள், தனிப்பாடற் கதைகள் ஆகியவற்றின் வழியாக அது தொடர்ந்து வந்தது. பாடலைக் காட்சியிலிருந்து பிரித்துத் தந்த வானொலியும், உறவுச் சொற்களை அரசியற் சொற்களாக்கிய இயக்கமும், மறைபொருளைத் தேடத் தூண்டிய தணிக்கையும், தம் வாழ்வைத் தாமே திறந்துவைத்த ஒரு கவிஞரும் ஒருங்கே அமைந்ததால், 1960ஆம் ஆண்டுகளில் அது புதிய வலிமை பெற்றது.

பெயரைச் சுட்டாத பாடல் கேட்பவர் அனைவருக்கும் உரியது. உடன்பிறப்பால் கைவிடப்பட்ட எவரும் தம் துயரை அதில் காணலாம். 'அது இன்னாரைப் பற்றியது' என்று முடிவுகட்டும்போது, அப்பொதுவுரிமையில் ஒரு பகுதியை நாம் இழக்கிறோம். இவ்விழப்பிற்கு ஈடாகக் கிடைப்பது உறுதியான வரலாறாக இருப்பின் ஏற்கலாம். சான்றற்ற செவிவழிச் செய்தியாக இருப்பின் அந்த மாற்று நமக்கு ஊதியமாகாது. எனவே ஒவ்வொரு கதையையும் கேட்கும்போது, அது பாடலைப் பற்றி என்ன சொல்கிறது என்பதோடு, அதனை முதன்முதலில் சொன்னவர்களின் காலத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்றும் வினவுவோமாக.